இத்தாவில் பூத்த ஜேடு

என் கணவர் ஒரு செப்டம்பர் பிற்பகலில் இறந்துபோனார். கண்டோன்மெண்ட் பக்கம் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று கூட வேலை பார்த்தவரிடம் சொல்லியிருக்கிறார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயது. மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். நான் இத்தாவில் உட்கார்ந்தேன்.

எங்களில் கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும். நகை, அத்தர், பளிச்சென்ற உடை எதுவும் கிடையாது. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவருக்காக அதை ஒழுங்காக இருந்து முடிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் முடிப்பது என்றால் என்னவென்று தெரியாமல் நினைத்தேன்.

பதினாறு வருடமாக நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் நாலு வீடு, அங்கிருந்து டவுன், அங்கிருந்து பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நாலைந்து வீடு. காபி குடிக்காமல் எனக்காகக் காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளின் கையைப் பிடித்து நரம்பு தேடிக்கொண்டே என் காலை போகும். ஒரு நாள் லீவு போட்டாலே எனக்குக் கால் பரபரக்கும்.

வீடு காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். முன்னால் ஹால், நடுவில் சமையலறை, கடைசியில் படுக்கை அறை. பக்கத்து வீட்டுச் சுவரும் எங்கள் சுவரும் ஒன்று. ஜன்னல் என்று சொல்ல ஹாலில் ஒன்று, படுக்கை அறையில் ஒன்று. மகள் சென்னையிலிருந்து வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போனாள். அவளுக்கு வேலையும் குழந்தையும் இருந்தன. அவளுக்குப் பதிலாக என் துணைக்கு வந்தவர் என் நாத்தனார், என் கணவரின் மூத்த அக்கா. அறுபது வயதுக்கு இரண்டு குறைச்சல். சின்ன வயதிலேயே விதவையானவர். வந்த அன்றே ஹால் ஜன்னலைச் சாத்தினார். படுக்கை அறை ஜன்னல் பக்கத்து மாடிக்கு நேராக இருக்கிறது என்று அதன் கம்பியில் ஒரு பழைய பெட்ஷீட்டைக் கட்டினார்.

"எதுக்குக்கா? காத்து வரட்டுமே."

"ஃபேன் இருக்குல்ல. நாலு பேரு பாத்துட்டுப் பேசுறதுக்கு நாம எடம் குடுக்கக் கூடாது."

மொட்டை மாடிக்குப் போகவும் விடவில்லை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போன் போட்டுக் கேட்டேன். யார் பார்வையும் படாத நேரமாகப் பார்த்துப் போகலாம், மாடியும் வீட்டில் சேர்த்திதான் என்றார் அவர். நாத்தனார் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"ஹஜ்ரத்து நல்லவரு, சொல்லுவாரு. எதிர் வீட்டுல இருக்கறவ என்ன சொல்லுவான்னு அவருக்கா தெரியும்?"

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

மாடியில் எனக்கு என்ன வேலை என்றால், அங்கே ஒரு ஜேடு செடி இருந்தது. என் கணவர் பதினெட்டு வருடம் வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். எட்டுப் பேர் தங்கும் ஓர் அறை. அந்த அறை ஜன்னல் ஓரத்தில் யாரோ விட்டுப்போன ஜேடு ஒன்று வளர்ந்து, வருடா வருடம் டிசம்பரில் பூத்ததாம். வெள்ளை வெள்ளையாகச் சின்ன நட்சத்திரம் மாதிரி பூ. அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். ஒரு லீவில் வரும்போது அதன் இரண்டு இலைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தடித்த இலை, நாணயம் மாதிரி. மண்ணில் படுக்க வைத்தார், வேர் விட்டது. பத்து வருடத்தில் தண்டு என் மணிக்கட்டு பருமன் ஆகிவிட்டது. ஆனால் ஒரு பூ கூட வைக்கவில்லை.

அவர் ஊரோடு திரும்பி வந்த பிறகு ஒவ்வொரு டிசம்பரும் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். "திருச்சி வெயிலுக்கு இது பூக்காது போல" என்பார். நான் ஏதாவது சொல்லிச் சிரிப்பேன். அவ்வளவுதான். அதைப் பூக்க வைக்க நாங்கள் எதுவும் செய்ததில்லை.

அக்டோபரில் ஒரு நாள் மாடியில் தொட்டி சுத்தம் செய்ய வந்த பிளம்பர், செடி வழியில் இருக்கிறது என்று கீழே தூக்கி வந்து ஹால் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். இலையெல்லாம் தூசி. நான் ஈரத் துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். இருநூறு இலைக்கு மேல் இருக்கும். துடைத்து முடித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. அந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் போன முதல் ஒரு மணி நேரம் அது.

எங்கள் நிலையத்தில் ரிசப்ஷனில் இருக்கும் தோழி ஸ்ரீரங்கத்துக்காரர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் எனக்குப் போன் செய்வார். அவர் வீட்டு பால்கனியில் கால் வைக்க இடம் இருக்காது, அத்தனை செடி. அன்றைக்குப் பேச வேறு எதுவும் இல்லாததால் செடியைப் பற்றிச் சொன்னேன்.

"மாடியில எங்க வெச்சிருந்தேள்?" என்று கேட்டார்.

"தண்ணித் தொட்டி பக்கம். நல்ல வெளிச்சம்."

"ராத்திரியிலயா?"

யோசித்துப் பார்த்தேன். சந்து முனையில் தெரு விளக்குக் கம்பம். அது விடிய விடிய எங்கள் மாடியைப் பகலாக்கிக்கொண்டிருக்கும்.

"அதான். அதுக்கு ராத்திரி நன்னா இருட்டா இருக்கணும். பதினாலு மணி நேரம். குளிரணும். தண்ணியும் ரொம்பக் கொறைக்கணும். ஒரு மாசம், ஒன்றரை மாசம் அப்படி வெச்சா மொட்டு விடும். தொட்டிய மாத்திடாதீங்கோ. வேரு நெருக்கமா அடைஞ்சு கிடந்தாத்தான் அது பூக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பொறுமையாக இரு, இதிலும் ஒரு நன்மை இருக்கும் என்று. நான் போனை வைத்தேன்.

ஆனால் குளிர் என்று தோழி சொன்னது உள்ளேயே கிடந்தது. வளைகுடாவில் எங்கே குளிர்? பிறகுதான் பிடிபட்டது. அந்த எட்டுப் பேர் அறையில் வருடம் முழுக்க ஏசி பதினெட்டில் ஓடும். விடிகாலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று எல்லாரும் ஏழு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள், கனமான திரை போட்டுவிடுவார்கள். என் கணவரே என்னிடம் சொன்னதுதான். அங்கே ஏழரை ஆகும்போது நான் போன் செய்தால் "எல்லாரும் தூங்குறாங்க" என்று கிசுகிசுப்பார். ஏசி மெக்கானிக்காக இருந்தும் இது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் பத்து வருடமாகத் தோன்றவில்லை. சொல்வதற்கு அவர் இல்லாதபோது தோன்றியது.

எங்கள் படுக்கை அறையில் அவர் மாட்டிய ஏசி இருந்தது. அவர் போனதிலிருந்து நான் அதைப் போடவில்லை. அதன் சத்தத்தை என்னால் கேட்க முடியும் என்று தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து நாத்தனாரிடம் சொன்னேன். செடியைப் படுக்கை அறையில் வைக்கிறேன், பகலில் ஜன்னல் வெயில், மாலை ஐந்து மணிக்கு, அஸர் தொழுகைக்குப் பிறகு கதவைச் சாத்தி இருட்டாக்கி ஏசி போடுகிறேன், காலை ஏழு மணிக்குத் திறக்கிறேன். நாம் ஹாலில் படுத்துக்கொள்ளலாம்.

அவர் தஸ்பீஹ் மணி உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"செடிக்கு ஏசி. நமக்கு ஃபேனு."

"ஒன்றரை மாசம்தான்க்கா."

"ஒனக்கு ஒடம்பு ஒண்ணும் இல்லையேம்மா?"

"இல்லக்கா."

"ஜன்னல் துணிய எடுக்கணுமா?"

"வெயில் வேணுமே."

அவர் தஸ்பீஹை மறுபடி உருட்டத் தொடங்கினார். மறுநாள் காலை பார்த்தால் பெட்ஷீட்டை நாலாக மடித்து ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் கட்டியிருந்தார். செடியைத் தையல் மிஷின் மேல் ஏற்றி வைத்தால் மேல் பாதி வெயில் அதற்குக் கிடைக்கும். மிஷின் மேல் அதை இருவரும் சேர்ந்துதான் தூக்கி வைத்தோம். நான் நின்றால் என் தலை துணிக்கு மேலே தெரியாது என்று அளந்து பார்த்த பிறகுதான் அவர் அறையை விட்டுப் போனார்.

அன்று மாலை அஸர் தொழுதுவிட்டு ரிமோட்டை எடுத்தேன். பதினெட்டு வைத்தேன். கணவர் மாட்டிய நாளிலிருந்து அந்த ஏசி ஓடத் தொடங்கும்போது ஒரு தடவை செருமும். செருமியது. கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டேன்.

இப்படியாக மூன்று அறை வீட்டில் ஓர் அறையை நானே எனக்கு இல்லாமல் செய்துகொண்டேன். மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஹாலும் சமையலறையும்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சாத்திய ஜன்னலுக்கு வெளியே மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகளின் சத்தம், மூட்டை இறக்குகிறவர்களின் பேச்சு, பூண்டு வாசம். துக்கம் கேட்க வருகிறவர்கள் மட்டும் வருவார்கள். வந்தால் எழுந்து போகவும் முடியாது. எப்படி நடந்தது, கடைசியில் என்ன சொன்னார், டாக்டரிடம் காட்டவில்லையா. ஒரே கதையை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை. சொல்லச் சொல்ல அது யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சில நாள் ஹாலில் காலடி எண்ணிச் சுவருக்குச் சுவர் நடப்பேன். ஒன்பது எட்டு. திரும்பினால் ஒன்பது எட்டு. "தல சுத்துது, உக்காரு" என்பார் நாத்தனார். உட்கார்ந்தால் மூச்சு மேலேயே நிற்கும். எழுந்து குடத்தைத் தொட்டுப் பார்ப்பேன், அடுப்பைத் துடைப்பேன், கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. அதைத் திறக்க யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்படியும் அந்தக் கதவு வெளியில் பூட்டியது மாதிரியேதான் இருந்தது.

செடிக்குத் தண்ணீரை நிறுத்தி மூன்று வாரம் ஆனது. இலைகள் இறுக்கம் தளர்ந்து லேசாகச் சுருங்கின. அப்படித்தான் சுருங்கும், பயப்படாதீங்கோ என்று தோழி சொல்லியிருந்தார். நான் தினமும் ஏழு மணிக்குக் கதவைத் திறந்து நுனிகளைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை.

நாலாவது வாரம் ஒரு காலையில் மண் கறுப்பாக இருந்தது. விரலை விட்டேன். சேறு. தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது.

ஹாலுக்கு வந்தேன். "யார் தண்ணி ஊத்துனது?"

நாத்தனார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "நாந்தான்."

"சொன்னேனேக்கா. ஊத்தக்கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

என் குரல் எனக்கே கேட்டது. கணவர் போன நாளிலிருந்து நான் குரலை உயர்த்தியதில்லை. அவருடைய மையத்தை அடக்கத்துக்குத் தூக்கியபோதுகூட இல்லை. இப்போது ஒரு தொட்டித் தண்ணீருக்காகக் கத்தினேன். எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது இது ஒன்றுதான், இதிலுமா கை வைப்பீர்கள் என்று கேட்டேன். துணி கட்டுகிறீர்கள், ஜன்னலைச் சாத்துகிறீர்கள், யார் வந்தாலும் உள்ளே விடுகிறீர்கள், என்னை ஒரு நிமிஷம் தனியாக இருக்க விட்டீர்களா என்று கேட்டேன். சொல்லக் கூடாததையும் சொன்னேன். உங்களுக்கு நடந்ததை எனக்கும் நடத்திப் பார்க்கிறீர்கள் என்றேன்.

அவர் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு இருபத்தஞ்சு வயசு," என்றார் பிறகு. "எங்க மாமியார் வீட்டுல அரிசி மூட்டை போடுற ரூமுல உக்கார வெச்சாங்க. ஜன்னலே கெடயாது. கதவுக்கு மேல ஒரு ஓட்ட, அவ்வளவுதான். அதுல வெளிச்சம் எறங்கும் பாரு, அது செவுத்துல எங்க இருக்குன்னு பாத்துத்தான் நான் தொழுக நேரம் கண்டுபிடிப்பேன். கடைசி மாசம் எனக்குப் பேச்சே வரல. வெளிய வந்தப்புறம் ரெண்டு மாசம் யாரு கூப்புட்டாலும் திரும்ப மாட்டேன். காது கேக்கலன்னு டாக்டருகிட்ட காட்டுனாங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அந்தச் செடி வாடுறத என்னால பாக்க முடியல. நீ குளிக்கப் போனப்ப ஊத்துனேன்."

கீரைத் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டு, "நான் மட்டும் என்ன, எனக்கு இத்தாவா?" என்றார். "எந்தம்பி போயிட்டான்னு வந்தேன். நானுந்தான் ஒங்கூடவே உக்காந்திருக்கேன். நானும் தெருவப் பாத்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. காய்கறியைப் பக்கத்து வீட்டில் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள், பால் வாசலுக்கு வருகிறது. என்னைத் தனியே விடக்கூடாது என்று அவரும் வாசலைத் தாண்டவில்லை. நான் அவரை என் காவல்காரியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கீரையை ஆய்ந்தேன். மன்னிப்பு கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. மறுநாள் காலை ஹால் ஜன்னலில் ஒரு கதவு திறந்திருந்தது. அவர்தான் திறந்திருந்தார்.

செடியைத் தட்டிலிருந்து இறக்கி, கீழே செங்கல் வைத்து, தண்ணீரை வடிய விட்டேன். மண் காய ஒன்பது நாள் ஆனது. எல்லாம் போயிற்று, இந்த வருடம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஏசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டபோது, "ஆரம்பிச்சத விடாத, போடு" என்றார் நாத்தனார். மாலை ஐந்து மணிக்கு நான் மறந்தால் அவரே போய்க் கதவைச் சாத்தினார்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை அவர்தான் முதலில் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "பூச்சி விழுந்துருச்சு போலம்மா. வெள்ளையா இருக்கு பாரு" என்றார். ஒரு கிளை நுனியில் ரவையை ஒட்டி வைத்தது மாதிரி ஏழெட்டுப் புள்ளி. எனக்கும் மாவுப்பூச்சி என்றுதான் பட்டது. வேப்பெண்ணெயைத் தேடி எடுத்துவிட்டேன். தடவுவதற்கு முன்னால் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டோ எடுத்துத் தோழிக்கு அனுப்பினேன்.

அவர் உடனே போன் செய்தார். "தொடாதீங்கோ. மொட்டு."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார் என் கையிலிருந்து வேப்பெண்ணெய்ப் பாட்டிலை வாங்கி அலமாரியில் திரும்ப வைத்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நீளம்தான். ஒன்றும் மாறவில்லை. அதே ஒன்பது எட்டு, அதே விசாரிப்புகள். ஒரு வித்தியாசம், துக்கம் கேட்க வந்தவர்கள் கேள்வியை ஆரம்பித்தால், "உள்ள ஒரு செடி மொட்டு விட்டிருக்கு, வாங்க பாக்கலாம்" என்று நாத்தனார் அவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரு சிலர் முகம் சுளித்தார்கள். இத்தா வீட்டில் பூவா என்று ஓர் அம்மா கேட்டார். "தலையிலயா வெச்சிருக்கா? தொட்டியிலதான இருக்கு" என்றார் நாத்தனார்.

ஜனவரி முதல் வாரத்தில் திறந்தது. பதினோரு கொத்து. ஒவ்வொரு பூவும் என் சுண்டு விரல் நகம் அளவு, ஐந்து இதழ், ஓரத்தில் லேசான ரோஸ். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய வாசனை. பார்த்தவுடன் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சந்தோஷமும் பெரிதாக இல்லை. இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, ஒரு ஜன்னலும் ஒரு ரிமோட்டும் போதுமாக இருந்ததா என்றுதான் தோன்றியது. அவர் இருந்தபோதே செய்திருக்கலாம். அந்த எண்ணம் ரொம்ப நாள் என்னை விடவில்லை.

அடுத்த வாரம் இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, நீலத்தில் சேலை கட்டினேன். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட் வளைவு வரை போனேன். லாரி, மாட்டு வண்டி, தள்ளுவண்டி, ஆட்கள், எல்லாம் என் மேல் வந்து விழுவது மாதிரி இருந்தது. ஓரமாக நிறுத்தி, ஒரு வெங்காயக் கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். நான்கு மாதமாக நான் எண்ணிக்கொண்டிருந்த நாள் அப்படித்தான் முடிந்தது.

நாத்தனார் தண்ணீர் கொடுத்தார். "எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு," என்றார்.

அவர் ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளைத் தள்ளிப் போட்டார். முதலில் சந்து முனை வரை இருவரும் நடந்தோம். பிறகு பள்ளிவாசல் வரை. பிறகு பஸ் ஸ்டாப். மாதக் கடைசியில் நான் வேலைக்குத் திரும்பினேன், முதலில் உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலையாகத்தான். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க இன்னும் தைரியம் வரவில்லை.

அவர் ஊருக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தோழி எங்களை ஸ்ரீரங்கத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் ஆட்டோ பார்த்தேன். நாத்தனார், "பாலத்துல எறங்கி நடக்கலாமா?" என்று கேட்டார். அவ்வளவு வருடம் திருச்சிக்கு வந்து போயும் காவிரிப் பாலத்தை பஸ்ஸில்தான் தாண்டியிருக்கிறாராம்.

"பாலத்துல நிறுத்தக்கூடாதும்மா, முன்னாடியே எறங்கிக்குங்க" என்றார் ஆட்டோக்காரர். சிந்தாமணிப் பக்கம் இறங்கினோம்.

நடைபாதையில் காற்று பலமாக அடித்தது. ஆற்றில் தண்ணீர் பாதி, மணல் பாதி. பஸ் போகும்போதெல்லாம் காலுக்குக் கீழே பாலம் அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் நான் கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டேன். கால்வாசி தூரத்திலேயே எனக்கு மூச்சு மேலே ஏறியது. திரும்பிவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

நாத்தனாருக்கு முழங்கால் வலி. நாலு எட்டு வைப்பார், நிற்பார், முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார், தண்ணீரைப் பார்ப்பார், மறுபடி நாலு எட்டு வைப்பார். நான் நின்றது அவருக்குத் தெரியவில்லை. "இங்க எவ்வளவு காத்துடி அம்மா" என்று, நான் பக்கத்தில் வருகிறேன் என்று நினைத்து, சொல்லிக்கொண்டே போனார். அவரைத் தனியே விட முடியாது என்பதால் நானும் சுவரை விட்டுக் கையை எடுத்துப் பின்னால் நடந்தேன்.